காடைப் பண்ணை: குஞ்சு வாங்கி வளர்ப்பதா, சொந்தமாகப் பொரிப்பதா?

என் அக்கா மகன் போன மாதம் ராசிபுரத்திலிருந்து வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டான்: “மாமா, காடை விடலாம்னு இருக்கேனுங்க. குஞ்சு வாங்கி விடறதுங்களா, இல்ல மெசினே வாங்கிப் போட்டரலாமுங்களா?”

“ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு போச்சுன்னா உங்க ஊட்ல யாரு எந்திரிப்பீங்க, மாப்ள?” என்று நான் திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. முதல் போடுவதற்கு எவ்வளவு ஆகும், ஒரு காடைக்கு எவ்வளவு நிற்கும் என்ற கணக்கோடு வந்தவன் அவன். கணக்கும் வேண்டியதுதான். ஆனால் ஒன்பது வருடம் காடையோடு கிடந்த பிறகு எனக்குத் தெரிந்தது இது: எந்த முறையில் பண்ணை நடத்துவது என்பதை, வீட்டில் எந்த நேரத்துக்கு எந்த ஆள் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பணக்கணக்கு அதற்கு அடுத்தபடி. அவனிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பண்ணையில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தில் உள்ள இசத்நகருக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. நம் கால்நடைப் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நம் ஊருக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. சோளக்காட்டில் பறக்கிற காட்டுக் காடையும் கௌதாரியும் வேறு. அவற்றை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. வலை போட்டுப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2011-இல் பண்ணைக் காடையையே அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, புதிய பண்ணைகள் கூடாது என்று மத்திய அரசிலிருந்து சுற்றறிக்கை வந்து, பின்னர் அது தளர்ந்தது. அதனால் எந்த முறையில் தொடங்கினாலும் தாய்க்காடையோ குஞ்சோ வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். “காட்டுக் காடை இருக்குதுங்களா” என்று கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வழிகள் மூன்று. ஒருநாள் குஞ்சு வாங்கி ஐந்து வாரம் வளர்த்துக் கறிக்கு விற்பது. மூன்று வாரக் குஞ்சு வாங்கி இரண்டு வாரம் மட்டும் வளர்ப்பது. தாய்க்காடை வைத்து, முட்டை எடுத்து, மெஷினில் பொரித்து, எல்லாவற்றையும் நாமே செய்வது.

ஒருநாள் குஞ்சு

பொரித்த காடைக் குஞ்சு ஏழு, எட்டு கிராம்தான் இருக்கும். கட்டைவிரல் நுனி அளவு. கோழிக்குஞ்சு வளர்த்த அனுபவம் இருக்கிறது என்று வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கோழிக்குஞ்சு ஒரு மணி நேரம் குளிரைத் தாங்கினால் இது அதில் பாதிகூடத் தாங்காது. தகட்டை வட்டமாக வளைத்து, மேலே பல்பு கட்டிச் சூடு கொடுக்கிற புரூடருக்குள்தான் அதை விட வேண்டும். முதல் வாரம் அதன் முதுகு மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மார்கழி, தையில் நாமக்கல் பக்கத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா? பல்பு ஒன்று பீஸ் போனால், காலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது நசுங்கிக் கிடக்கும்.

தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. தகட்டு ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு படுத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, அங்கே சாக்குப் படுதா கட்ட வேண்டும். பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம். இதை இரவு பத்து மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பத்து நாள் அப்படி. அந்தப் பத்து நாளில் வருகிற சேதாரம்தான் பேட்ச்சின் லாபத்தைத் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு சாவது குறைவு.

தண்ணீரில் மூழ்கிச் சாவது இன்னொன்று. டிரிங்கரின் விளிம்பில் கோலிக்குண்டையோ கழுவிய கூழாங்கல்லையோ நிரப்பி, அலகு மட்டும் நுழைகிற அளவுக்குத்தான் தண்ணீர் தெரிய வேண்டும். தரையில் வழுவழுப்பான செய்தித்தாளை விரித்தால் கால் வழுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, குஞ்சு நிற்கவே முடியாமல் போய்விடும். அட்டைப்பெட்டிக்குள் வருகிற நெளிவு அட்டையைப் போடுங்கள். தீவனத்தை முதல் மூன்று நாள் அந்த அட்டை மேலேயே தூவுங்கள். பிராய்லர் தீவனத்தை அப்படியே போட்டால் குருணை பெரிதாக இருக்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். சலித்துப் போட வேண்டும். புரதமும் பிராய்லருக்கு வேண்டியதைவிடக் காடைக்குஞ்சுக்குக் கூடுதலாக வேண்டும், 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

எலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வருடம் நான் கூண்டின் கம்பி இடைவெளியைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். ஒரே இரவில் நாற்பதுக்கு மேல் போயிற்று. எலி உள்ளே நுழையக்கூட இல்லை. வெளியில் நின்று காலைக் கடித்து இழுத்திருக்கிறது. அன்று காலை கொட்டகைக்குள் நுழைந்தபோது இருந்த அமைதி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அரை அங்குலத்துக்குக் குறைந்த சதுரக் கம்பிவலைதான் வேண்டும், அடியிலும் சுற்றிலும்.

இந்தப் பத்து நாளைத் தாண்டிவிட்டால் மீதி நாள் ஒரு ஆளுக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேர வேலை. செத்ததை எடுப்பது, டிரிங்கர் கழுவுவது, தீவனம் போடுவது, கூண்டென்றால் எச்சத் தட்டைக் கொட்டுவது. எச்சம் இரண்டு மூன்று நாள் தங்கினால் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். நமக்கே கரிக்கும்போது அதற்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் இருக்கிற பறவைக்கு எப்படி இருக்கும்? ஐந்து வாரத்தில் ஒவ்வொன்றும் 500 முதல் 600 கிராம் தீவனம் தின்று 200 கிராமைச் சுற்றி நிற்கும். வியாபாரி எண்ணிக் கொண்டு போய்விடுவார்.

இந்த வழியின் பெரிய வசதி, நிறுத்த முடியும் என்பது. வீட்டில் கல்யாணமா, கொட்டகை ஒழுகுகிறதா, விலை விழுந்துவிட்டதா, அடுத்த பேட்ச் குஞ்சை எடுக்காமல் விட்டால் முடிந்தது. காலிக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஆறப்போட்டால் நோயும் அடுத்த பேட்ச்சுக்குத் தொடராது.

இதன் வலி, குஞ்சு நம் கையில் இல்லை என்பது. புரட்டாசியில் கறி வாங்க ஆள் இருக்காது. ஐப்பசியில் தீபாவளிக்குக் கேட்பார்கள். தீபாவளிக்கு ஐந்து வாரக் காடை வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே குஞ்சு விட வேண்டும். நாம் நினைக்கிறதைத்தான் மாவட்டத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த வாரம் 500 கேட்டால் 300 வரும், அதிலும் கடைசியில் பொரித்த நோஞ்சான் நிறைய இருக்கும். ஒருமுறை நான் முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன். குஞ்சு வரவே இல்லை. நான் சரக்குத் தருவதாகச் சொல்லியிருந்த கடைக்காரர் அதற்குப் பிறகு என்னிடம் வாங்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மூன்று வாரக் குஞ்சு

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. புரூடர் வேண்டாம், இரவு முழிப்பு வேண்டாம், பதினைந்து நாளில் கைக்குக் காசு. வேலைக்குப் போய்க்கொண்டே காலை மாலை பார்க்கிறவர்களுக்கு இது ஒத்துவரும். ஆனால் அடுத்தவர் முழித்த இரவுக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம். காடைக்கு ஒன்றிரண்டு ரூபாய் மிஞ்சுவதே பெரிதாக இருக்கும்.

வாங்கும்போது நெஞ்சைப் பாருங்கள். மூன்று வாரத்தில் ஆண், பெட்டை தெரிந்துவிடும். ஆணுக்கு நெஞ்சு புள்ளியில்லாமல் செங்காவியாக இருக்கும். பெட்டைக்கு வெளிறிய நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள். காடையில் பெட்டைதான் எடை அதிகம் நிற்கும், கோழிக்கு நேர்மாறு. முட்டைக்குப் பெட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, மிச்சமான ஆணை நம்மிடம் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. கூடையைக் கையில் எடுத்து நாலைந்து இடத்தில் அள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாய்க்காடையும் மெஷினும்

என் அக்கா மகன் மனத்தில் இருந்தது இதுதான். அவன் ஏன் ஆசைப்படுகிறான் என்பதை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாரம் 500 காடை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேதாரத்துக்கும் சேர்த்து வாரம் 550 குஞ்சு வேண்டும். மெஷினில் வைத்த முட்டையில் நூற்றுக்கு அறுபத்தைந்து பொரிந்தால் வாரத்துக்கு 850 முட்டை வைக்க வேண்டும். நூற்றுக்கு எண்பது பெட்டை தினமும் முட்டையிட்டு, அதில் விரிசல், தோல் முட்டை, ரொம்பச் சிறியது, ரொம்பப் பெரியது என்று பத்தில் ஒன்று கழிந்தால், 170 பெட்டை வேண்டும். மூன்று பெட்டைக்கு ஒரு ஆண் வீதம் 57 ஆண். ஆக 227 தாய்க்காடை. தலைக்கு நாளொன்றுக்கு 28 கிராம் தின்றால் வாரத்துக்கு நாற்பத்து நாலரைக் கிலோ. அதை 550 குஞ்சுக்குப் பங்கு போட்டால் ஒரு குஞ்சுக்கு எண்பது கிராம் தீவனம்.

உங்கள் ஊரில் எண்பது கிராம் தீவனத்தின் விலையையும் ஒருநாள் குஞ்சின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மெஷின் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

கணக்கில் வராதது அந்த அறுபத்தைந்துதான். அது நாற்பத்தைந்தாக விழுந்தால் 850 முட்டையில் 380 குஞ்சுதான் கிடைக்கும். செலவு அதேதான். பழகாத கைக்கு முதல் ஆறு மாதம் அப்படி விழுவதில் ஆச்சரியம் இல்லை. எங்கெங்கே விழுகிறது என்று எனக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, முட்டை சேர்த்து வைக்கிற இடம். மெஷினுக்குப் போகும்வரை முட்டை குளிர்ந்த அறையில், 15 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அறையில் வைத்தால் கரு தானாகவே அரைகுறையாக வளரத் தொடங்கி, மெஷினுக்குப் போவதற்குள் செத்துவிடும். நான் இரண்டு கோடை முழுக்க மெஷின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். குறை முட்டை வைத்த அலமாரியில் இருந்தது. ஏசி அறை இல்லாதவர்கள் கோடையில் வாரம் ஒருமுறை வைக்காமல், மூன்று நாளுக்கு ஒருமுறை வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வாரத்துக்கு இரண்டு பொரிப்பு நாள் வரும், வேலையும் இரட்டிக்கும்.

இரண்டாவது, நேரம். காடை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் முட்டையிடும், மூன்று மணியிலிருந்து பொழுது சாய்கிறவரை. கோழிப்பண்ணைக்காரருக்கு மதியத்தோடு முட்டை வேலை முடியும். நமக்கு அது மாலை விளக்கு வைக்கிற நேரத்து வேலை. ஓடு மெல்லியது, விட்டுவைத்தால் மிதித்துவிடும். தாய்க்காடைக்கு நாளுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணி நேர வெளிச்சமும் வேண்டும். மாலையில் விளக்கைப் போட்டு, தினமும் அதே நேரத்துக்கு அணைக்க ஆள் வேண்டும் அல்லது டைமர் வேண்டும்.

மூன்றாவது, மெஷின். சனிக்கிழமை முட்டை வைத்தால் பதினான்காம் நாள், அதுவும் சனிக்கிழமைதான், பொரிப்புத் தட்டுக்கு மாற்ற வேண்டும். செவ்வாய், புதன் கிழமைகளில் குஞ்சு வரும். வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் முதலில் அறுபது, கடைசி மூன்று நாள் எழுபது. அந்தச் செவ்வாயும் புதனும் நீங்கள் ஊரில் இருந்தாக வேண்டும். கரண்டு போனால் முதல் வாரத்து முட்டை ஒரு மணி நேரம் தாங்கிக்கொள்ளும். கடைசி நாட்களில் கருவே சூட்டை உண்டாக்குவதால், விசிறி நின்றுபோன மெஷினுக்குள் வெந்து போகும். அப்போது கதவைத் திறந்துவிடத் தெரிந்த ஆள் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாமல் மெஷின் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

நான்காவது, இது மெதுவாக வருவது, அதனால் கண்ணில் படாதது. சொந்தப் பண்ணைக் குஞ்சிலிருந்தே அடுத்த தாய்க்காடையை எடுத்துக்கொண்டே போவது. காடை நெருங்கிய ரத்த உறவுக்குள் இணைவதைத் தாங்காத பறவை. உடன்பிறந்ததோடு உடன்பிறந்ததை இணைத்துச் சில தலைமுறை கொண்டு போனால் அந்த வம்சமே அற்றுப் போகும். முட்டை வரும், பொரியாது. பொரிந்தாலும் கால் வளைந்த குஞ்சு, பத்து நாளில் சாகிற குஞ்சு. தாய்க்காடையை ஆறு, ஏழு மாதத்தில் எப்படியும் மாற்ற வேண்டும், அதற்குமேல் கருப்பிடிப்பு குறைந்துவிடும். மாற்றும்போது ஆணையாவது வெளியிலிருந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போலப் பரம்பரை தெரிந்த இடத்திலிருந்து கொண்டுவாருங்கள். புதிதாக எடுக்கிற 227-க்கும் முட்டைக்கு வருகிறவரை ஆறு, ஏழு வாரம் சும்மா தீவனம் போட வேண்டும். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதன் நல்லதையும் சொல்ல வேண்டும். குஞ்சு நம் கையில் இருக்கிறது. தீபாவளிக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மிச்சக் குஞ்சை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். புரட்டாசியில் தாய்க்காடை முட்டையை நிறுத்தாது, அதற்கு மாதம் தெரியாது. ஆனால் அந்த முட்டையை மெஷினில் வைக்காமல் சாப்பாட்டு முட்டையாக விற்கலாம். மெஷினிலிருந்து எடுத்த பத்து நிமிடத்தில் புரூடருக்குள் விடுகிற குஞ்சு, பஸ்ஸில் ஏழு மணி நேரம் வந்த குஞ்சைவிட எப்போதும் தெம்பாக இருக்கும். புதன்கிழமை காலை தட்டைத் திறக்கும்போது ஈரம் காயாத ஐந்நூறு குஞ்சு ஒரே குரலில் கத்துவதைக் கேட்க எனக்கு இன்றைக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது

புதிதாகத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வருடம் ஒருநாள் குஞ்சுதான். ஏனென்றால் மெஷின் வைத்தாலும் அந்தப் பத்து நாள் வேலை போய்விடாது, கூடவே வரும். புரூடரில் நூற்றுக்குப் பதினைந்து சாகவிடுகிறவர் மெஷின் வாங்கினால், சொந்தமாகப் பொரித்ததில் பதினைந்தைச் சாகவிடுவார். அது நூற்றுக்கு ஐந்துக்குள் வந்த பிறகு மெஷினைப் பற்றிப் பேசலாம். அதோடு, வாரம் 300-க்குக் குறையாமல் ஆறு மாதம் தொடர்ந்து விற்றிருக்க வேண்டும். வீட்டில் மாலை நேரத்துக்கு நம்பகமான ஒரு ஆள் இருக்க வேண்டும். தாய்க்காடைக்குத் தனிக் கொட்டகை வேண்டும். கறிக்காடை இருக்கிற அதே கொட்டகையின் மூலையில் தாய்க்காடையை வைத்தால், வாராவாரம் வருகிற குஞ்சும் வியாபாரியின் கூடையும் கொண்டுவருகிற நோய் நேராக அதற்குத்தான் போகும். வியாபாரியின் கூடையை வாசலுக்கு உள்ளே விடாதீர்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. நாட்டுக்கோழியையும் காடையையும் ஒன்றாக விடுவதும் வேண்டாம்.

பகலில் வேலைக்குப் போகிறவர், இரவில் எழ முடியாத வயதானவர், இவர்களுக்கு மூன்று வாரக் குஞ்சு. லாபம் குறைவுதான், ஆனால் நிம்மதி.

என் அக்கா மகன் ராசிபுரத்தில் ஒரு கடையில் காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை வேலை பார்க்கிறான். இதைக் கேட்ட பிறகு மூன்று வாரக் குஞ்சுதான் அவனுக்குச் சரி என்று நினைத்தேன். அதற்குள் என் அக்கா உள்ளேயிருந்து வந்து, “பகல்ல நான் பாத்துக்கறேன் தம்பி, ராத்திரிக்கு அவனை எழுப்பிவுடறேன்” என்றாள். அக்கா நாற்பது வருடம் மாடு பார்த்தவள். அந்த ஒரு பேச்சில் என் யோசனை மாறிவிட்டது. 300 ஒருநாள் குஞ்சுக்குச் சொல்லியிருக்கிறோம். பழைய மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் தகடு வளைத்துக் கட்டியாயிற்று. குஞ்சு வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் வருகிறது. வியாழன் இரவே பல்பைப் போட்டுத் தரையைச் சூடாக்கி வைக்கச் சொல்லி, என்னிடமிருந்த தெர்மாமீட்டரை அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.